முழுப் பொறுப்பும் உன்கிட்டதான்

சித்திரைத் தேருக்குச் சில வாரங்கள் முன்னால் எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு சரித்திர நிகழ்ச்சி நடந்தது. பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து, தங்கள் பொறுப்பை இளைஞர்களிடம் ஒப்படைத்தார்கள்.

இடம், ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியிலிருந்து ஒரு சந்து உள்ளே இருக்கும் எங்கள் அபார்ட்மென்ட்டின் கார் பார்க்கிங். ஏதோ நாட்டின் ஆட்சியையே கைமாற்றிக் கொடுக்கிற மாதிரி ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு துணி, துணிமேல் பிளாஸ்டிக் பூங்கொத்து, மைக். எங்கள் அத்தனை பேரையும் சேர்த்தால் ஒரு கல்யாணப் பந்திகூடத் தேறாது. மைக் இல்லாமல் பேசினாலே பக்கத்து அபார்ட்மென்ட் வரைக்கும் கேட்கும். ஆனாலும் மைக் வேண்டும்... இளைஞர்களைப் பற்றி மைக் இல்லாமல் பேசினால் எடுபடாதாம்.

என் கணவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். ரிட்டயர் ஆன கையோடு அந்தப் பதவிக்கு வந்தார். வீட்டில் யாரும் அவர் சொல்வதைக் கேட்பதில்லை — வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான் — அதனால் சங்கத்துக்குப் போனார். பாவம், அங்கேயும் யாரும் கேட்பதில்லை. ஆனால் அங்கே நிறையப் பேர் கேட்பதில்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

அன்றைக்கு அவர்தான் முதலில் பேசினார்.

"இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு சமூகத்துல ஒரு ஈடுபாடு வேணும். எப்பப் பார்த்தாலும் கையில ஃபோன். அதைக் கீழ வெச்சுட்டு நாலு பேரோட பழகணும். ஒரு காரியத்தை எடுத்துச் செய்யணும். அப்பத்தான் திறமை வளரும், பொறுப்பு வரும்."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய ஃபோன் அடித்தது. எடுத்தார். பேசினார். வைத்தார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பிறகு தலைவர் பேசினார். பொருளாளர் பேசினார். தரைத்தளத்து டாக்டர் பேசினார். இளைஞர்களை நிறையப் பேச விட வேண்டும் என்பதை எல்லோருமே வலியுறுத்தினார்கள். நேரமாகிவிட்டதால் இளைஞர்கள் பேசவில்லை.

தீர்மானம் இதுதான். தேரன்று வருஷா வருஷம் சங்கம் வைக்கும் நீர்மோர்ப் பந்தலை இந்த வருஷம் புதிதாக அமைக்கப்பட்ட இளைஞர் அணியே நடத்தும். அணித் தலைவி, மூன்றாவது மாடி வரதராஜனின் ஒரே பெண் மைதிலி. ப்ளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவள்.

"முழுப் பொறுப்பும் உன்கிட்டதாம்மா," என்றார் என் கணவர், மைக்கிலேயே. கைதட்டல்.

அடுத்த தீர்மானம்: முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்ட இளைஞர் அணிக்கு வழிகாட்ட, பெரியவர்கள் அடங்கிய ஓர் ஆலோசனைக் குழு. இதற்கும் கைதட்டல். ஆலோசனைக் குழுவில் இருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். இளைஞர் அணியைவிட அதிகம்.

சரி, ஒரு மோர்ப் பந்தலுக்கு இவ்வளவு அமர்க்களமா என்று வெளியூர் வாசகர்கள் நினைக்கலாம். சித்திரைத் தேரைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் நாங்கள் மாடியிலிருந்து சேவித்துவிட்டு ஃபேனுக்கடியில் போய் உட்கார்ந்துவிடுவோம். அது கிராமத்து ஜனங்களின் தேர். உப்பிலியபுரம், துறையூர் பக்கத்திலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக முந்தின நாளே வந்து இறங்கி, வீதியிலேயே படுத்து எழுந்து, மொட்டை போட்டு, கைக்குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு அந்தத் தாரில் நடப்பார்கள். சித்திரை மாத வெயிலில் அவர்களுக்கு ஒரு டம்ளர் மோர் என்பது சின்ன விஷயம் இல்லை.

மைதிலிக்கும் அது சின்ன விஷயமாக இல்லை. அதற்கு வேறு காரணம்.

அவளுடைய அப்பா வரதராஜன், புத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் மேனேஜர். தங்கமான மனிதர். கேஸை மூடினோமா என்று பார்க்க, பாதிப் படி இறங்கினவர் மறுபடி ஏறுவார். மறுபடி இறங்கும்போது கதவைப் பூட்டினோமா என்று யோசிப்பார். மைதிலி குழந்தையாக இருந்தபோது எல்லோருமாக முக்கொம்புக்குப் பிக்னிக் போனோம். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அவள் கையை அவர் விடவே இல்லை. ஊஞ்சலில்கூடக் கையைப் பிடித்துக்கொண்டேதான் ஆட்டினார். அந்த ஊஞ்சல் எவ்வளவு தூரம் ஆடியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மீட்டிங் முடிந்து மாடிப்படி ஏறும்போது அவரே என்னிடம் ஆரம்பித்தார்.

"மாமி, மைதிலி என்ன சொல்றா தெரியுமோ? மேட்டுப்பாளையத்துல போய் வனவியல் படிக்கணுமாம். ஹாஸ்டல். ஒரே காடு. ஃபீல்டு ஒர்க்குன்னு உள்ள கூட்டிண்டு போவாளாம். யானையெல்லாம் இருக்கும்கறா, சிரிச்சுண்டே."

"யானை நம்ம கோயில்லயும்தான் இருக்கே வரதா?"

"அது பாகனோட இருக்கற யானை மாமி."

நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றியும் எனக்குத் தெரியும். விடிகாலையில் கொள்ளிடக் கரையில் யாரிடமோ இரவல் வாங்கின பைனாகுலரோடு நிற்பாள். அது என்ன பறவை என்று கேட்டால் பெயர் சொல்லுவாள், எங்கிருந்து வருகிறது, எப்போது திரும்பிப் போகும் என்றும் சொல்லுவாள். கேட்காவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டாள். நம் ஊரில் கேட்காமலே சொல்கிறவர்கள் நடுவில் இப்படி ஒரு பெண்.

"தனியா இருக்கணும்னா பொறுப்பு வேணுமோன்னோ?" என்றார் வரதராஜன். "அதான் சொல்லிட்டேன். இந்தப் பந்தலை ஒழுங்கா நடத்திக் காட்டு, அப்ளிகேஷன் போடலாம். இல்லேன்னா இங்கயே பக்கத்துல பி.காம். அவளும் சரின்னுட்டா."

ஆக, நாலு வருஷப் படிப்பு, காடு, யானை எல்லாம் ஓர் அண்டா மோரில் வந்து நின்றது.

மைதிலி வேலையை ஆரம்பித்தாள். போன வருஷம் என்ன கோளாறு என்று வீடு வீடாகப் போய்க் கேட்டாள். மோர் பாதியிலேயே தீர்ந்துபோனது, பேப்பர் கப்பெல்லாம் வீதியில் பறந்தது, மறுநாள் துப்புரவுத் தொழிலாளர்கள் எங்களைச் சபித்தது — எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இந்த வருஷம் பேப்பர் கப் கிடையாது என்று முடிவு செய்து, தெரிந்த கல்யாண மண்டபத்தில் பேசி ஸ்டீல் டம்ளர் வாங்கினாள். கழுவுவதற்குத் தனி ஆள் போட்டாள். இஞ்சி, பச்சைமிளகாய் அரைக்க ஒரு கோஷ்டி, தண்ணீர் நிரப்ப ஒரு கோஷ்டி. மேலூர் ரோட்டில் மாடு வைத்திருக்கும் செல்வத்தைப் பிடித்துத் தயிருக்குச் சொன்னாள். தேரன்று வீதிகளை அடைத்துவிடுவார்கள், அதனால் விடிவதற்குள் தயிர்க் கேன்கள் உள்ளே வந்துவிட வேண்டும் என்றும் சொல்லிவைத்தாள்.

அவ்வளவுதான். வேறு பேச்சில்லை.

ஆலோசனைக் குழு சும்மா இருக்குமா? 'இளைஞர் சக்தி' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார்கள். அதில் அட்மின்கள் மட்டும்தான் எழுத முடியும். அட்மின்கள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. இளைஞர் சக்தியிலிருந்து மைதிலிக்கு மட்டும், பெரிய மனசு பண்ணி, எழுத அனுமதி கொடுத்தார்கள்.

பெருங்காயம் கட்டியா, தூளா என்று விவாதம் நடந்தது. இஞ்சியைத் தட்டிப் போட வேண்டுமா, அரைத்துப் போட வேண்டுமா என்று இரண்டு கட்சி உண்டாயிற்று. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். பொருளாளர் தயிரைக் குறைக்கச் சொன்னார். ஒருவர் தன் பேரன் ஃபாரினில் படித்து வாங்கின பட்டத்தின் போட்டோவைப் போட்டார். அதற்கும் மோருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் மைதிலியிடமிருந்து ஒரே பதில்தான் வந்தது: 'நன்றி மாமா.'

தேருக்கு முந்தின நாள் சாயங்காலம். என் கணவர் பால்கனியில் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஃபோன் பேசிக்கொண்டிருந்தார். இந்த வயதில் யாரோடு ரகசியம் என்று எனக்கும் ஓர் ஆர்வம். துணி எடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றேன்.

"செல்வம், அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, அதுக்கு அனுபவம் பத்தாது. நீ இன்னும் ஒரு கேன் சேர்த்தே கொண்டு வந்துடு. நான் சொன்னேன்னு சொல்லிடாதே, என்ன?"

"முழுப் பொறுப்பும் அவகிட்டதானே குடுத்தேள்?" என்றேன்.

"குடுத்தாச்சு. அதுக்காக அப்படியே விட்டுட முடியுமா?"

இதுதான் நாம் பொறுப்பு கொடுக்கிற லட்சணம். மேடையில் சாவியைக் கொடுத்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டை மாற்றிவிடுகிறோம். பிள்ளைகள் தோற்றுவிடக் கூடாதே என்று நமக்குக் கவலை. நாம் இல்லாமல் ஜெயித்துவிட்டால்...? அந்தக் கவலை அதைவிடப் பெரிது. அதை மட்டும் வெளியே சொல்வதில்லை.

நான் ஃபோன் செய்யவில்லை. நல்லெண்ணம் என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் செல்வத்தின் நம்பர் இல்லை.

மறுநாள் தேர். விடிகாலையிலேயே உற்சவர் நம்பெருமாள் தேரில் எழுந்தருளியாகிவிட்டது. ஒலிபெருக்கியில் போலீஸ்காரர், நகைகளையும் செல்ஃபோன்களையும் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிக்கொண்டே இருந்தார். வரதராஜன் வடம் பிடிக்கப் போகிறவர், சும்மா விடுவாரா? ஃபோனை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, பூட்டினோமா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

சந்து முனையில் பந்தல் ரெடி. தென்னங்கீற்று வேய்ந்து, கீழே தண்ணீர் தெளித்து, டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து, இஞ்சி பச்சைமிளகாய் விழுது ஒரு பாத்திரத்தில், கறிவேப்பிலை ஒரு தட்டில், உப்பு ஒரு டப்பாவில். டிரம் நிறையத் தண்ணீர். பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

தயிர் மட்டும் இல்லை.

விடிந்தது. வரவில்லை. வீதியை அடைத்தார்கள். வரவில்லை. மைதிலி ஃபோன் செய்துகொண்டே இருந்தாள். அத்தனை ஜனக்கூட்டத்தில் சிக்னல் எங்கே கிடைக்கிறது? தேர் கிளம்பி, 'ரங்கா ரங்கா' என்கிற சத்தம் தெற்குப் பக்கமிருந்து கேட்க ஆரம்பித்துவிட்டது. வெயில் ஏற ஆரம்பித்தது. பந்தலைப் பார்த்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள்.

ஆலோசனைக் குழு உடனே அவசரக் கூட்டம் போட்டது. எங்கே? அந்த இடத்தில் இருந்த ஒரே நிழல் பந்தல்தான். அதனால் பந்தலுக்குள்ளேயே நின்று ஆலோசித்தார்கள். தாகத்தோடு வந்த ஜனங்கள் வெயிலில் நின்றார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் பொருளாளர். "எனக்கு அப்பவே தோணித்து," என்றார் டாக்டர். எங்கள் அபார்ட்மென்ட்டில் எல்லோருக்கும் எல்லாமே அப்பவே தோன்றிவிடும். என்ன தோன்றியது என்பதுதான் காரியம் கெட்ட பிறகு தெரியவரும்.

மைதிலியின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. இந்தப் பெண் இன்றைக்கு மோருக்காக மட்டும் நிற்கவில்லை என்று அங்கே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் ஒரு நிமிஷம்தான் அப்படி நின்றாள். பிறகு தன் கோஷ்டியைக் கூப்பிட்டாள்.

"எலுமிச்சம்பழம் எந்தக் கடையில கிடைச்சாலும் வாங்கிண்டு வாங்கோ. உப்பு போட்டுத் தண்ணியில பிழிஞ்சு குடுக்க ஆரம்பிங்கோ. யாரையும் வெறுங்கையோட அனுப்பாதீங்கோ. நான் வந்துடறேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்சந்து வழியாக மேலூர் ரோட்டுப் பக்கம் போய்விட்டாள்.

"மோர்ப் பந்தல்னு போர்டு வெச்சுட்டு எலுமிச்சம்பழத் தண்ணியா?" என்றார் தலைவர். "சங்கத்துக்கே அவமானம். நிறுத்திடலாம்."

நல்லவேளை, பிள்ளைகள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். உப்பிலியபுரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், மொட்டையடித்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் வாங்கினாள். அப்புறம் என் கணவரைப் பார்த்து, "மோர் எப்பங்க வரும்?" என்றாள்.

"ஆலோசனை நடந்துண்டிருக்கும்மா," என்றார்.

இந்த நேரம் பார்த்துத்தான் வரதராஜன் வந்து சேர்ந்தார். வடம் பிடித்த கை சிவந்து, வேட்டி நனைந்து, முகமெல்லாம் ஒரே பரவசம். பந்தலைப் பார்த்தார். டிரம்மை எட்டிப் பார்த்தார். பரவசம் போய்விட்டது.

"தயிர் வரலையா?"

"உங்க பொண்ணு சொன்ன ஆள் வரலை," என்றார் பொருளாளர். 'உங்க பொண்ணு' என்பதை அழுத்தியே சொன்னார்.

"மைதிலி எங்க?"

"எங்கேயோ சைக்கிள்ல போயிருக்கா."

வரதராஜன் தலையில் கைவைத்துக்கொண்டார். "இதுக்குத்தான் நான் சொன்னேன். ஒரு தயிரை வரவழைக்கத் தெரியலை. இதுல மேட்டுப்பாளையம் போறாளாம், காட்டைக் காப்பாத்தறாளாம். போறும். பி.காமே போறும்."

எனக்கு வந்த கோபத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் சந்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு தள்ளுவண்டி வந்தது. காலியாக நின்ற ஏதோ பழவண்டி. அதன்மேல் தயிர்க் கேன்கள். முன்னால் செல்வம் இழுக்க, பின்னால் மைதிலி தள்ளிக்கொண்டு வந்தாள். வேனை போலீஸ் தடுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு, அங்கிருந்து இப்படி.

பந்தலில் வண்டியை நிறுத்தினதும் செல்வத்தின் கண்ணில் முதலில் பட்டது வரதராஜன்தான்.

"என்னங்க சார் இப்படிப் பண்ணிட்டீங்க? காலைலேருந்து உங்க ஃபோனுக்காக வண்டிய லோடு பண்ணி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நானும் அடிக்கிறேன், அடிக்கிறேன், எடுக்கவே மாட்டேங்கறீங்க. பாப்பாவுக்கு அடிச்சா லைனே கிடைக்கலை."

"என் ஃபோனுக்கா?" என்றார் வரதராஜன். குரல் இறங்கிவிட்டது.

"நேத்து சாயங்காலம் நீங்கதானங்க சொன்னீங்க? ஏற்பாடெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு நானே ஃபோன் பண்றேன், அதுவரைக்கும் வண்டிய எடுக்காத, தயிர் வெயில்ல புளிச்சிரும்னு?"

ஆலோசனைக் குழுவினர் எல்லோருக்கும் திடீரென்று தேரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். அத்தனை பேரும் வேறு திசையில் திரும்பி நின்றார்கள். தேர் இன்னும் அந்தத் திசைக்கு வரவே இல்லை.

செல்வம் விடவில்லை. அவருக்கும் காலையிலிருந்து காத்திருந்த எரிச்சல்.

"நேத்து உங்க ஃப்ளாட்லேருந்து ஒவ்வொருத்தரா ஃபோனுங்க. ஒரு சார் பாதி போதும்கறார். ஒரு சார் ஒரு கேன் சேத்துக் கொண்டாங்கறார். டாக்டர் சார் புளிக்காத தயிராங்கறார். இன்னொருத்தர், உன் தயிரே வேணாம், நாங்களே பால் வாங்கி உறை ஊத்திக்கறோம்கறார். எல்லாரும் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான் — நான் சொன்னேன்னு சொல்லாத."

"அப்ப நீங்க யார் சொன்னதைக் கேட்டீங்க?" என்றேன் நான். சும்மா இருக்க முடியுமா?

"பாப்பா சொன்னதைத்தாங்க. ஆர்டர் குடுத்த அன்னிக்கே சொல்லிருச்சு. எங்க ஃப்ளாட்லேருந்து நிறைய பேர் பேசுவாங்க அண்ணே, எல்லாருக்கும் சரிங்கன்னு சொல்லிடுங்க, ஆனா நான் சொன்னதை மட்டும் கொண்டு வாங்கன்னு. நானும் எல்லாருக்கும் சரிங்க சரிங்கன்னேன்."

என் கணவர் மேலே பார்த்தார். பந்தலின் கீற்றில் அப்படி என்ன இருந்ததோ.

"அப்பறம் எங்கிட்ட மட்டும் ஏன்..." என்றார் வரதராஜன்.

"நீங்க அப்பா ஆச்சேங்க. பாப்பா சொல்லித்தான் பேசறீங்கன்னு நெனச்சுட்டேன்."

நியாயமாகப் பார்த்தால் வரதராஜன் அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் அவரும் ஆலோசனைக் குழு உறுப்பினர் ஆயிற்றே. சுற்றி நிற்கிற எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சரி, நான் ஃபோன் பண்ணினது தப்புன்னே வெச்சுக்கோங்கோ. ஆனா நான் பண்ணுவேன்னு அவ யோசிச்சிருக்கணுமா இல்லையா? அதுக்குப் பேர்தானே பொறுப்பு?"

இந்த வாதத்தை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை. நீ வைக்கும் கல்லில் நான் இடறி விழுந்தால், கல் வைப்பாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் என் பொறுப்பு. வாயைத் திறக்கப் போனேன்.

மைதிலி அதற்குள் கையைக் கழுவிவிட்டு, டிரம்மில் தயிரைக் கொட்டிக் கலக்க ஆரம்பித்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. குரலும் உயரவில்லை.

"மத்தவா எல்லாரும் பண்ணுவான்னு யோசிச்சேம்ப்பா. நீ பண்ண மாட்டேன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள். விழுதைக் கொட்டினாள். உப்பு போட்டாள். ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தாள். "டம்ளரை எடுங்கோ," என்று பிள்ளைகளிடம் சொன்னாள். வேலை ஓட ஆரம்பித்தது.

வரதராஜனை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், அவர் டம்ளர் கழுவுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். கழுவிக்கொண்டிருந்த பையனை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டாராம். தேர் எங்கள் வீதிக்கு வந்தது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். அவர் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைகூப்பிவிட்டு மறுபடியும் டம்ளரை எடுத்தார். கடைசி ஆள் குடித்து முடிக்கிற வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை, ஒரு யோசனையும் சொல்லவில்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. வரதராஜன் வரலாற்றில் அது முதல் தடவை.

மோர் எப்படி இருந்தது என்கிறீர்களா? போன வருஷங்களில் நாங்கள் கொடுத்ததெல்லாம் மோரே இல்லை என்று தெரிந்துகொண்டேன். பாதியில் தீரவும் இல்லை. சாயங்காலம் வீதியில் ஒரு கப் கிடக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கார் பார்க்கிங்கில் பாராட்டு விழா. மறுபடி அதே மேஜை, அதே துணி, அதே மைக். ஆலோசனைக் குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். ஒருவருக்கொருவர்தான் போர்த்திக்கொண்டார்கள். "இளைஞர்களுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தால் அவர்கள் எதையும் சாதிப்பார்கள் என்பதை நம்முடைய சங்கம் நிரூபித்துவிட்டது," என்று என் கணவர் பேசினார். பொருளாளர் தலையாட்டினார். டாக்டர் கைதட்டினார்.

மைதிலியையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். கடவுள் வாழ்த்துப் பாட. பாடி முடித்ததும் சுண்டல் விநியோகத்தை அவள் பொறுப்பில் விட்டார்கள். முழுப் பொறுப்பு.

வரதராஜனுக்கும் ஒரு பொன்னாடை வைத்திருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டார்கள், ஆள் இல்லை. மாடியில் வீட்டிலேயே இருந்துவிட்டாராம். பொன்னாடையை வீணாக்க வேண்டாம் என்று என் கணவரே இரண்டாவதாகப் போர்த்திக்கொண்டு வந்தார்.

சில நாள் போயிற்று. ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். வரதராஜன் ஸ்வீட் பாக்ஸோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கேட்பதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார்.

"மேட்டுப்பாளையத்துக்கு அப்ளிகேஷன் போட்டுட்டா மாமி. அவளே உக்காந்து போட்டா."

"நீங்க செக் பண்ணேளா?" என்று உள்ளேயிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். "ஆன்லைன்ல ஒரு சின்னத் தப்பு வந்தாலும் தூக்கிப் போட்டுடுவான்."

வரதராஜன் கையில் இருந்த ஸ்வீட் பாக்ஸின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"கேட்டேன். ஒரு தடவை பாக்கட்டுமான்னு. வேண்டாம்ப்பான்னுட்டா." நிறுத்தினார். பிறகு, "பாக்கலை மாமி," என்றார்.

முந்தின நாள் ராத்திரி பூரா அவர் தூங்கியிருக்கமாட்டார் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. எழுந்து போய்ப் பார்த்துவிடலாம் என்று எத்தனை தடவை துடித்தாரோ. பார்க்கவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. ஸ்ரீரங்கத்தில் அதெல்லாம் வழக்கம் இல்லை என்பதால் காபி கொடுத்தேன்.

ஆக, எங்கள் சங்கத்தின் இளைஞர் மேம்பாட்டுத் திட்டத்தில் இதுவரைக்கும் ஒரே ஒருவர்தான் மேம்பட்டிருக்கிறார்... அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.